'கோடிஃபை': இயற்றலா, தொகுத்தலா, வகுத்தலா?

ஏட்டுச்சுவடி

வணக்கம். ஒரு சட்ட வரலாற்று நூலின் சில இயல்களைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு நாட்களாக 'கோடிஃபை' (codify) என்ற ஒரே ஆங்கில வினைச்சொல்லில் நிற்கிறேன். மூலத்தில் வரும் கருத்து இதுதான்: ஒரு வட்டாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டுவந்த சொத்து வழக்கங்களை ஒரு கட்டத்தில் ஓர் அதிகாரி 'கோடிஃபை' செய்தார்.

முதலில் 'சட்டமாக இயற்றினார்' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்த தோழி அதை அடித்துவிட்டு 'தொகுத்தார்' என்று போட்டார். 'இயற்றினார் என்றால் இல்லாததை அவரே உண்டாக்கினார் என்று ஆகிவிடும், இங்கே விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன' என்றார். அது சரி, ஒத்துக்கொண்டேன். ஆனால் 'தொகுத்தார்' என்று படிக்கும்போது கவிதைத் தொகுப்பும் பழமொழித் தொகுப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. ஊர் ஊராகப் போய்ப் பழமொழி திரட்டியவரும் தொகுத்தவர்தான். அவர் திரட்டிய நூலைக் காட்டி யாரும் நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. 'கோடிஃபை' செய்யப்பட்ட ஏட்டைக் காட்டி வழக்காடலாம். இந்த வேறுபாடு 'தொகு' என்பதில் தொலைந்துபோகிறது.

'நெறிப்படுத்து', 'முறைப்படுத்து' இரண்டையும் போட்டுப் பார்த்தேன். இவை வேறு வேலைக்குப் போய்விட்டன. போக்குவரத்தை நெறிப்படுத்துகிறோம், தற்காலிகப் பணியாளர்களின் வேலையை முறைப்படுத்தச் சொல்லிக் கேட்கிறோம். சட்டத்துறையில் இருப்பவர்கள், இலக்கணம் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எப்படிச் சொல்வீர்கள்?

வழக்குரை

நல்ல கேள்வி. நான் நீதிமன்றத்தில் இருப்பவன், எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இந்தச் சொல்லின் பொருளைப் பிடிக்க அகராதியைவிடச் சட்டங்களின் நெடுந்தலைப்பு உதவும். ஒவ்வொரு சட்டத்தின் தொடக்கத்திலும் 'இன்ன காரியத்துக்கான சட்டம்' என்று ஒரு நீண்ட வரி இருக்குமே, அது. இந்து திருமணச் சட்டம் 1955-இன் நெடுந்தலைப்பு, இந்துக்களிடையே திருமணம் தொடர்பான சட்டத்தைத் 'திருத்தவும் கோடிஃபை செய்யவும்' என்கிறது. அடுத்த ஆண்டு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் அதே இரண்டு வினைகள்தான். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-ஐ எடுத்துப் பாருங்கள். அதன் ஆங்கிலப் பெயரிலேயே 'கோட்' (code) இருக்கிறது, நெடுந்தலைப்பில் 'கோடிஃபை' இல்லை. 'ஒருங்கிணைக்கவும் திருத்தவும்' என்றுதான் இருக்கிறது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அப்படியே. பெயர் 'கோட்', செய்யும் வேலை ஒருங்கிணைப்பு.

ஏன் இப்படி? ஒருங்கிணைப்பில் மூலப்பொருள் ஏற்கெனவே இயற்றப்பட்ட சட்டங்கள். நாலைந்து சட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன, அவற்றை ஒன்றாக்குகிறார்கள். ஊதியச் சட்டத் தொகுப்பு அப்படித்தான் நான்கு பழைய சட்டங்களை விழுங்கியது. 'கோடிஃபை' செய்யும்போது மூலப்பொருள் அதைவிட அகலமானது. சாத்திர நூல்கள், உரைகாரர்களின் கருத்து, வட்டார வழக்கம், நீதிமன்றத் தீர்ப்புகள் என்று சட்டப் புத்தகத்துக்கு வெளியே வாழும் விதிகளும் அதில் அடக்கம். 1955-க்கு முன்பு இந்து திருமண விதி எங்கே இருந்தது என்று கேட்டால் ஒரு புத்தகத்தைக் காட்ட முடியாது.

அதோடு, அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, இந்தச் சட்டம் எவற்றைப் பற்றிப் பேசுகிறதோ அவற்றில் பழைய நூல், விதி, விளக்கம், வழக்கம் எதுவும் இனிச் செல்லாது என்கிறது. 'கோடிஃபை' என்பதன் முழு பலமும் அந்தப் பிரிவில் இருக்கிறது. ஏட்டில் ஏறியபின் ஏடுதான் பேசும். நீங்கள் சொல்லும் 'தொகுத்தார்' இந்த இடத்தில்தான் போதாமல் போகிறது.

நூற்பா

ஏட்டுச்சுவடி, உங்கள் தோழி 'தொகு' என்று போட்டதில் ஆழம் இருக்கிறது. அந்தச் சொல்லை இவ்வளவு சீக்கிரம் விட்டுவிடாதீர்கள்.

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் சொன்ன பாயிரத்தை எடுத்துப் பாருங்கள். தொல்காப்பியர் என்ன செய்தார் என்பதை அவர் படிப்படியாகச் சொல்கிறார். 'வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்' எழுத்தையும் சொல்லையும் பொருளையும் நாடினார். பிறகு 'முந்துநூல் கண்டு முறைப்பட எண்ணிப் புலம்தொகுத் தோனே' என்கிறார். மக்களிடம் வாழும் வழக்கை ஆராய்ந்து, முன்னிருந்த நூல்களைப் பார்த்து, வரிசையாக எண்ணி, துறை முழுவதையும் தொகுத்தவர். நீங்கள் தேடும் வினைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் வேறெங்கும் படித்ததில்லை. இயற்றினார், படைத்தார் என்று பனம்பாரனார் சொல்லவில்லை. விதிகள் மொழிக்குள் ஏற்கெனவே இருந்தன. 'இலக்கியம் கண்டதற்கு இலக்கணம்' என்று நன்னூலை ஒட்டி நாம் சொல்வதும் இதைத்தானே?

ஆனால் அவர் வெறுமே 'தொகுத்தோன்' என்று நிறுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். 'முறைப்பட எண்ணி' என்ற அடை இல்லாமல் அந்தத் தொகுப்பு இல்லை. உங்கள் குறை அங்கேதான் தீரும். 'தொகு' தனியே நிற்கும்போது கவிதைத் தொகுப்பாக ஒலிக்கிறது. பக்கத்தில் ஒரு துணைவினை வேண்டும்.

என் பரிந்துரை 'தொகுத்து வகுத்தார்'. வகுத்தல் என்றால் பிரித்து அடுக்குவது, அதோடு 'இதுதான் நியதி' என்று விதிப்பதும் அதுவே. இரண்டு வினைகளும் ஒரே குறளில் வருகின்றன: 'வகுத்தான் வகுத்த வகையல்லால் கோடி தொகுத்தார்க்கும் துய்த்தல் அரிது'. கோடி கோடியாய்ச் சேர்த்தவன் தொகுத்தவன். எவனுடைய நியதிக்கு எல்லாரும் கட்டுப்படவேண்டுமோ அவன் வகுத்தவன். சேர்ப்பதற்கு ஒரு சொல்லும் அதிகாரத்தோடு விதிப்பதற்கு ஒரு சொல்லும் ஈரடிக்குள் இருக்கின்றன. உங்களுக்கு இரண்டும் வேண்டும்.

குடிமையியல்

மன்னிக்கவும், குறுக்கே ஒரு சந்தேகம். 'வகுத்தல்' என்றதும் மாணவர்களுக்குக் கணக்குதானே நினைவுக்கு வரும்? நான் பள்ளியில் பாடம் நடத்துகிறேன், அதனால் கேட்கிறேன்.

நூற்பா

வரும், மறுக்கவில்லை. ஆனால் திட்டம் வகுத்தார்கள், வியூகம் வகுத்தார்கள், கொள்கை வகுத்தார்கள் என்று செய்தித்தாளில் நாள்தோறும் படிக்கிறோம். அங்கே யாருக்கும் கணக்கு நினைவுக்கு வருவதில்லை. எது வகுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் தானாகத் தெளிந்துவிடும்.

வடக்குக்காற்று

ஏட்டுச்சுவடி, நீங்கள் சொல்கிற வாக்கியம் யாழ்ப்பாணத்துத் தமிழர்களின் வழமைச் சட்டமான தேசவழமை பற்றியதா? சொத்து வழக்கம், வட்டாரம், ஓர் அதிகாரி என்றதும் எனக்கு அப்படித்தான் பட்டது.

அப்படியென்றால் எங்கள் பக்கத்துச் சொல் ஒன்று உதவலாம். இந்தியாவில் நீங்கள் 'தண்டனைச் சட்டம்' என்று சொல்லிவந்ததை இலங்கையில் நாங்கள் 'தண்டனைச் சட்டக்கோவை' என்போம். 1883-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அது. 'குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை', 'குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை' என்று 'கோட்' வரும் இடத்தில் எல்லாம் கோவைதான். 'அக்ட்' வந்தால் மட்டும் சட்டம். இந்த வேறுபாட்டை உங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கு தொலைத்துவிட்டது. தண்டனைச் சட்டம், ஒப்பந்தச் சட்டம் இரண்டும் ஒரே 'சட்டம்' என்பதால் எது கோவை, எது தனிச்சட்டம் என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது.

கோவை என்றால் கோத்தது. பூவைச் சேர்த்துக் குவித்தால் குவியல், நாரில் கோத்தால் மாலை. ஒன்றுக்கு முன் எது, ஒன்றுக்குப் பின் எது என்ற இடம் முடிவாகிவிடும். ஒன்றை உருவினால் மற்றது ஆடும். விதிகளை ஒழுங்குபடுத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் எனக்குத் தெரியவில்லை. 'கோவைப்படுத்தினார்' என்று எழுதிப் பாருங்கள்.

ஏட்டுச்சுவடி

ஆமாம், தேசவழமைதான்! கண்டுபிடித்துவிட்டீர்கள்.

வழக்குரை, அந்த நெடுந்தலைப்புச் செய்தி எனக்கு முற்றிலும் புதிது. 'திருத்தவும் கோடிஃபை செய்யவும்' என்று இரண்டையும் தனித்தனியே சொல்வதிலிருந்தே தெரிகிறது, வெறும் கோடிஃபை என்றால் உள்ளதை உள்ளபடி எழுதுவது, மாற்றினால் அதற்குத் திருத்தம் என்று தனிப்பெயர் உண்டு. சரியாகப் புரிந்துகொண்டேனா?

வழக்குரை

கோட்பாட்டளவில் அப்படித்தான். நடைமுறையில் அந்தக் கோடு நிற்காது. இந்தத் தொழிலில் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது: எந்தத் தொகுப்பாளரும் உள்ளதை உள்ளபடி எழுதியதில்லை.

ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியனை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமானியச் சட்ட அறிஞர்களின் எழுத்துகளிலிருந்து பகுதிகளை எடுத்து, திரிபோனியன் தலைமையில் ஒரு குழு 50 நூல்கள் கொண்ட பெருந்தொகுப்பை 533-இல் முடித்தது. பழைய அறிஞர்களின் வரிகளைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ள அந்தக் குழுவுக்குப் பேரரசரே அனுமதி கொடுத்திருந்தார். முடித்ததும் அதற்கு யாரும் விரிவுரை எழுதக்கூடாது என்று தடையும் போட்டார். தொகுத்ததும் நடந்தது, திருத்தியதும் நடந்தது, கதவைச் சாத்தியதும் நடந்தது.

2024 வரை நடைமுறையில் இருந்த நம் இந்தியத் தண்டனைச் சட்டம் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. மெக்காலே தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1837-இல் வரைவு கொடுத்தது. 1860-இல் நிறைவேறி 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு மாகாணத் தலைநகரங்களில் ஆங்கிலக் குற்றச் சட்டம், உள்பகுதிகளில் கம்பெனியின் ஒழுங்குமுறைகளால் மாற்றப்பட்ட இஸ்லாமியக் குற்றச் சட்டம் என்று இடத்துக்கு இடம் வேறுபட்டது. மெக்காலே இவற்றில் எதையும் அப்படியே எடுத்துத் தொகுக்கவில்லை, புதிதாக எழுதினார். ஆனாலும் வரலாற்றாசிரியர்கள் அதைக் 'கோடிஃபிகேஷன்' என்றுதான் சொல்கிறார்கள். அதனால் 'ஏற்கெனவே இருந்த விதி' என்பதைக் கட்டாய நிபந்தனையாக வைத்தால், உலகத்தில் பாதிச் சட்டக்கோவைகள் வெளியே போய்விடும்.

நூற்பா

இதை நான் ஏற்கவில்லை. மெக்காலே செய்ததற்கு 'இயற்றினார்' என்பதே பொருந்தும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லை இரண்டு வேலைக்கும் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல் வேண்டும் என்று என்ன கட்டாயம்? நமக்கு இரண்டு சொல் இருப்பது வசதிதானே.

வழக்குரை

வசதிதான். ஆனால் மொழிபெயர்ப்பவர் ஒவ்வோர் இடத்திலும் இது தொகுத்ததா, இயற்றியதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். மூல ஆசிரியர் சொல்லாத தீர்ப்பு அது. இந்து திருமணச் சட்டத்தையே பாருங்கள். ஒருதார மணத்தை எல்லா இந்துக்களுக்கும் கட்டாயமாக்கியது, அது மாற்றம். அதே சட்டம், தடைசெய்யப்பட்ட உறவுமுறையைச் சொல்லிவிட்டு 'வழக்கம் அனுமதித்தால் ஒழிய' என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. தாய்மாமன் உறவில் நடக்கும் திருமணம் அந்த வாசல் வழியாகத்தான் செல்லுபடியாகிறது. ஒரே சட்டத்துக்குள் ஒரு பிரிவு பழையதைக் காக்கிறது, இன்னொன்று புதிதை விதிக்கிறது. எந்தச் சொல்லைப் போடுவீர்கள்?

நூற்பா

அதற்காகத்தான் 'வகுத்தார்' என்றேன். தொகுத்தலில் பழையது நிற்கும், வகுத்தலில் புதியதற்கும் இடம் உண்டு. மெக்காலேவுக்கு 'வகுத்தார்' மட்டும் போதும். தேசவழமைக்கு இரண்டும் வேண்டும். உங்கள் கேள்வியால் எனக்கே இப்போதுதான் இது தெளிவாகிறது.

நிரலாளர்

நான் மென்பொருள் துறை. எங்களிடமும் இந்தச் சொல் வருகிறது, ஆனால் வேறு பொருளில். ஒரு நிறுவனத்தில் அனுபவசாலிகளின் தலைக்குள் இருக்கும் விதிகளைக் கணினிக்குப் புரியும்படி எழுதிவைப்பதைக் 'கோடிஃபை' செய்வது என்கிறார்கள். பலர் அதைக் 'குறியாக்கம்' என்று தமிழாக்குகிறார்கள். அது தவறு என்று நினைக்கிறேன். குறியாக்கம் என்றால் ஒரு எழுத்தை எண்ணாக மாற்றுவது போன்ற வடிவ மாற்றம். வேர் ஒன்றா?

வழக்குரை

வேர் ஒன்றுதான், கிளைகள் வேறு. இலத்தீனில் 'காடெக்ஸ்' என்றால் மரத்தின் அடிப்பகுதி, கட்டை. மரப்பலகைகளில் எழுதி அவற்றைச் சேர்த்துக் கட்டியதற்கு அந்தப் பெயர் வந்து, பிறகு ஏடுகளைக் கட்டிய புத்தகத்துக்கும், அதன்பின் சட்டப் புத்தகத்துக்கும் ஆனது. இரகசியக் குறிமுறை என்ற பொருள் வெகு காலத்துக்குப் பிறகு வந்தது. கணினி 'கோட்' அந்தப் பிற்காலக் கிளை. 'கோடிஃபை' என்ற வினை சட்டப் புத்தகக் கிளையில் முளைத்தது. அதை ஆங்கிலத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தமைச் சொல்வார்கள். சட்டம் முழுவதும் ஒரே இடத்தில், எல்லாருக்கும் படிக்கக் கிடைக்கவேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதாடியவர். அந்த ஆசைக்கு ஒரு வினைச்சொல் தேவைப்பட்டிருக்கிறது.

நம் 'சட்டம்' என்ற சொல்லுக்கும் மரச்சட்டம், படச்சட்டம் என்று மரத்தோடு உறவு இருப்பதைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு என்று சொல்ல வரவில்லை, சும்மா ஒரு பொருத்தம்.

குடிமையியல்

அப்படியானால் என் நெடுநாள் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். பிரிட்டனின் அரசமைப்பு 'எழுதப்படாத அரசமைப்பு' என்று பாடம் நடத்துகிறோம். ஒரு மாணவி எழுந்து, '1215-இன் மேக்னா கார்ட்டா எழுதப்பட்டதுதானே? 1689-இன் உரிமைகள் சட்டம் எழுதப்பட்டதுதானே? அப்புறம் எப்படி எழுதப்படாதது?' என்று கேட்டாள். என்னிடம் நல்ல பதில் இல்லை.

வழக்குரை

அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அவள் கேட்டது சரி. அங்கே பெரும்பகுதி எழுத்தில்தான் இருக்கிறது. 1911, 1949 நாடாளுமன்றச் சட்டங்களும் எழுத்தில்தான் இருக்கின்றன. ஒரே ஆவணமாகக் 'கோடிஃபை' செய்யப்படவில்லை, அவ்வளவுதான். அதனால் இப்போது பலரும் 'எழுதப்படாத' என்பதைத் தவிர்த்து 'கோடிஃபை செய்யப்படாத' என்ற சொல்லையே பயன்படுத்துகிறார்கள். தமிழில் 'கோவைப்படாத அரசமைப்பு' என்றோ 'ஒரே நூலாகத் தொகுக்கப்படாத அரசமைப்பு' என்றோ சொல்லிக்கொடுத்தால் அந்தக் கேள்வியே எழாது. எழுதுவதும் கோடிஃபை செய்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

குடிமையியல்

நன்றி. நாளைக்கே வகுப்பில் திருத்திச் சொல்கிறேன்.

மைதானம்

சட்டத்துக்கு வெளியேயும் இந்தச் சொல் வாழ்கிறது என்பதற்கு ஒன்று. கால்பந்து வெகு காலமாக ஆடப்பட்டது. இங்கிலாந்தில் பள்ளிக்குப் பள்ளி விதி வேறு. ஒன்றில் பந்தைக் கையில் எடுத்து ஓடலாம், இன்னொன்றில் கூடாது. 1863-இல் சில குழுக்கள் லண்டனில் கூடி விதிகளை எழுத உட்கார்ந்தன. கையில் எடுத்து ஓடுவதும் எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதும் நீக்கப்பட்டபோது ஒரு குழு வெளியேறியது. பின்னால் 1871-இல் ரக்பிக்காரர்கள் தனிச்சங்கம் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு வகைக் கால்பந்தையும் ஒரு 'கோட்' என்றே சொல்வார்கள்.

நான் சொல்ல வருவது, விதிகளை எழுதும்போது முரண்பட்ட இரண்டில் ஒன்றை விட்டே ஆகவேண்டும். வெறுமே தொகுப்பவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டுப் போகலாம்.

நூற்பா

அருமை. 'வகுத்தல்' என்பதற்குள் பிரித்தலும் இருக்கிறது என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

வடக்குக்காற்று

மைதானம் சொன்னது தேசவழமைக்கும் பொருந்தும். டச்சுக்காரர் காலத்தில், ஆளுநர் சைமன்ஸின் ஆணைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக (வட்டார நிர்வாக அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706-07-இல் அதை எழுதினார். அவர் அங்கே பல்லாண்டு வாழ்ந்தவர். எழுதியதை உள்ளூர்த் தலைவர்களான 12 முதலியார்களிடம் கொடுத்துச் சரிபார்க்கச் செய்தார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு நாட்டு வழமை முழுவதும் ஓர் அந்நிய அதிகாரியின் பேனாவுக்கும் 12 பேரின் ஒப்புதலுக்கும் நடுவே நிலைபெற்றுவிட்டது. அந்த 12 பேரும் ஊரில் செல்வாக்குள்ளவர்கள். எளியவர்களின் வீட்டு வழமை வேறாக இருந்திருந்தால் அது ஏட்டில் ஏறியிருக்குமா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு.

பிறகு ஆங்கிலேயர் 1806-இன் 18-ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்கு முழுச் சட்ட வலுவைக் கொடுத்தார்கள். வழமை என்பது வாழ்க்கையோடு மெல்ல மாறும் பொருள். ஏட்டில் ஏறியதும் அந்த மெல்லிய மாற்றம் நின்றது. அதற்குப்பின் மாற்றவேண்டுமென்றால் 1911-இல் திருமண உரிமை, மரபுரிமை பற்றித் தனிக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது போல, சட்டமன்றத்தால்தான் முடிந்தது.

வழக்குரை

இதே அச்சத்தால்தான் ஜெர்மனியில் 1814-இல் சட்ட அறிஞர் சவிக்னி எதிர்த்தார். நாடு முழுவதற்கும் ஒரே உரிமையியல் சட்டக்கோவை வேண்டும் என்று இன்னொரு சட்ட அறிஞர் திபோ எழுத, சவிக்னி பதில் எழுதினார். சட்டம் மொழியைப் போல மக்களிடமிருந்து வளர்வது, அவசரப்பட்டு உறையவைக்காதீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். கடைசியில் அங்கே சட்டக்கோவை 1896-இல் நிறைவேறி 1900-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இலக்கணக்காரர்கள் நன்னூலின் 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்ற நூற்பாவால் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டார்கள். விதி நூலுக்குள்ளேயே மாற்றத்துக்கு ஒரு விதி. சட்டக்காரர்களுக்கு அந்தத் துணிச்சல் வருவதில்லை.

ஏட்டுச்சுவடி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வடக்குக்காற்று எழுதியதைப் படித்தபிறகு என் வாக்கியத்தில் இருந்த இன்னொரு குறையும் தெரிந்தது. எழுதியதையும் சட்ட வலு கிடைத்ததையும் ஒரே வினைக்குள் அடைக்கப் பார்த்தேன், அதனால்தான் எந்தச் சொல்லும் பொருந்தவில்லை. பிரித்து இப்படி எழுதியிருக்கிறேன்:

'யாழ்ப்பாணத்து மக்கள் வாய்வழியாகக் கைக்கொண்டுவந்த சொத்து வழமைகளைக் கிளாஸ் ஐசாக்ஸ் 1706-07-இல் தொகுத்து வகுத்தார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1806-இல், அந்த ஏடு முழுச் சட்ட வலுவைப் பெற்றது.'

இயலின் பிற்பகுதியில் பெயர்ச்சொல்லாக வரும் இடங்களில் 'சட்டக்கோவை' என்றே போடுகிறேன். இந்திய வாசகர்களுக்கும் அது புரியும் என்று நம்புகிறேன்.

வடக்குக்காற்று

நன்றாக இருக்கிறது. ஒரு சின்னத் திருத்தம் மட்டும். 1806 வரை அந்த ஏடு சும்மா கிடக்கவில்லை, டச்சு நீதிமன்றங்களுக்கு வழிகாட்டியாக 1707-இலேயே அனுப்பினார்கள். 'நீதிமன்றங்களின் பயன்பாட்டுக்காகத் தொகுத்து வகுத்தார்' என்று சேர்த்துவிடுங்கள்.

ஏட்டுச்சுவடி

சேர்த்துவிட்டேன். தோழிக்கும் இந்த இழையை அனுப்பியிருக்கிறேன். 'தொகு' நிற்கிறது என்பதில் அவருக்கு மகிழ்ச்சி.